பேஸ் வராத நாற்காலி

திருச்செங்கோட்டில் எங்கள் வீதியில், அர்த்தநாரியண்ணன் வீட்டு ஹாலில், மின்விசிறிக்கு நேர் கீழே கிடந்த பச்சை பிளாஸ்டிக் நாற்காலிக்குச் சத்தம் வருவது நின்றுபோனது ஒரு சித்திரை மாதத்தில் என்பதில் எங்களுக்குள் இரண்டு பேச்சில்லை. செவ்வாயா புதனா என்பதில்தான் இன்றைக்கும் சண்டை, ஏனென்றால் அந்த வாரம் மத்தியானமெல்லாம் கரண்ட் இல்லை, கரண்ட் இல்லாத நாளெல்லாம் எங்களுக்கு ஒரே நாள்தான். மற்றபடி அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை. போர்வெல் போடும் ரிக் வண்டிகளைப் பழுது பார்க்கிற பட்டறைகள் வரிசையாக நிற்கும் வீதி இது. காலை ஏழு மணிக்கு முதல் சம்மட்டி விழுந்தால் பொழுது சாய்கிறவரை லேத்தும் கிரைண்டரும் வெல்டிங்கும் ஒன்றின் தலையில் ஒன்று ஏறிக் கத்தும். இவ்வளவு சத்தம் போட்டால் எங்கேயாவது ஓரிடத்தில் அது தீர்ந்துபோகத்தானே செய்யும் என்று எதிர்ப்பட்டறை லேத்துக்காரர் பழனியாண்டி சொன்னார், நாங்களும் சரியென்று விட்டுவிட்டோம்.

அர்த்தநாரியண்ணன் இருபத்தெட்டு வருடம் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவர். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று மண் இருக்கிற பக்கமெல்லாம் போய் ஓட்டை போட்டுவிட்டு, வருடத்தில் இரண்டு தடவை பத்துப் பத்து நாள் ஊருக்கு வருவார். வந்த பத்து நாளும் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பார். முட்டி தேய்ந்து வேலையை விட்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவரை உட்காரவைக்க யாராலும் முடியவில்லை. கம்ப்ரசரின் அதிர்வு உள்ளங்காலில் ஏறி நெஞ்சுக்கூட்டில் அத்தனை வருடம் குடியிருந்தது, இப்போது அது இல்லாமல் உடம்பு காலி வீடாகக் கிடந்தது. "ஒடம்பு அதிரணும் பழனியாண்டி, அப்பத்தான் மனசு ஓரிடத்துல நிக்குது" என்று டீக்கடையில் நின்றபடியே சொல்வார், டம்ளரை வைத்துவிட்டு இரண்டு தப்படி நடந்து திரும்பி வந்து மறுபடியும் எடுப்பார். அதற்காகத்தான் அவர் ஸ்டீரியோ செட் வாங்கினார். பாட்டு அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பேஸ் வேண்டும், தவிலும் டிரம்மும் அடிவயிற்றில் வந்து இடிக்கிற அந்தக் கனத்த சத்தம் வேண்டும்.

அவர் மனைவி சம்பூரணத்துக்கு வேண்டியது வேறு. பதினோரு வருடமாக அவளுக்கு இரண்டு காதிலும் இரைச்சல். 'கொய்ங்' என்று, நிற்காமல், சமைக்கையில், தூங்குகையில், கோயிலில் கண்ணை மூடி நிற்கையில், சாவு வீட்டில் அழுகையில். ஈரோட்டில் காட்டினாள், சேலத்தில் காட்டினாள், இதோடே பழகிக்கோங்கம்மா என்று இரண்டு ஊரிலும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பினார்கள். புருசனிடம் அவள் சொல்லவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. எங்களில் ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றியிருக்கலாம், தோன்றவில்லை, அதை இங்கே மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அந்த ஹால் புதிதாகக் கட்டியது. தரையில் வழுவழுவென்று டைல்ஸ், நான்கு பக்கமும் வெறும் சுவர், ஜன்னலுக்குத் திரை கிடையாது, சோபா கிடையாது, பூச்சு உதிர்ந்துவிடும் என்று ஒரு காலண்டருக்குக்கூட ஆணி அடிக்கவிடவில்லை அண்ணன். உள்ளே நின்று கைதட்டினால் சுவர்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லி அடங்க நேரமாகும். செட்டில் கனமான சாமான் பேஸ் பெட்டி, கனமான சாமான் கன்னி மூலையில்தான் இருக்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும், ஆகவே அது தென்மேற்கு மூலையில் உட்கார்ந்தது. மனுசன் உட்காருகிற இடம் ஃபேனுக்குக் கீழே, அதிலும் கேள்வியில்லை, ஆகவே நாற்காலி ஹாலின் நட்டநடுவில் விழுந்தது. ஈரோட்டிலிருந்து வந்து செட்டைப் பூட்டிக்கொடுத்த ஜபருல்லா பாய், ஊரில் பாதி பஸ்களுக்கு ஸ்பீக்கர் மாட்டியவர், சுவிட்சைப் போட்டுவிட்டு வெளியே வந்து வாசலில் நின்று தலையை ஆட்டி ரசித்தார். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்குப் பாடகர் கேட்டது, புல்லாங்குழல் கேட்டது, பேஸ் மட்டும் வரவில்லை.

"வல்லியே பாய்."

"அண்ணா, சமையல்கட்டுல வந்து நில்லுங்க, பாத்திரம் ஆடுது."

"சமையல்கட்டுல நான் எதுக்கு நிக்கறேன்? நான் ஒக்கார்ற எடத்துல வல்லியே."

பாய் ஹால் முழுவதும் நடந்தார், கைதட்டிப் பார்த்தார், காதைச் சாய்த்துக் கேட்டார். "இது பெட்டிக் கோளாறு இல்லீங்கண்ணா, ரூம் கோளாறு. போற சத்தமும் செவுத்துல முட்டித் திரும்பி வர்ற சத்தமும் கரெக்டா உங்க நாற்காலிகிட்ட வந்து ஒண்ணையொண்ணு தின்னுருது. நாற்காலிய ரெண்டடி பொறத்தால தள்ளிப் போட்டுப் பாருங்களேன்."

"ஃபேன் இங்கதானப்பா இருக்குது."

"அப்பப் பெட்டிய மூலையில இருந்து எடுத்துரலாமுங்க."

"கன்னி மூலையக் காலியா உட்டுட்டு நான் குடித்தனம் பண்ணறதா? நீ போயி இதவிடப் பெருசா ஒண்ணு கொண்டா."

ஏனென்றால் அவர் டிரில்லர். முன்னூறு அடியில் தண்ணீர் வரவில்லையென்றால் இடத்தை மாற்றுகிறவர் டிரில்லர் இல்லை. இன்னொரு ராடை இறக்குகிறவர்தான் டிரில்லர். எட்டங்குலப் பெட்டி போய்ப் பன்னிரண்டு வந்தது, நாற்காலிக்கு வரவில்லை, பன்னிரண்டு போய்ப் பதினைந்து வந்தது, வரவில்லை. எதிர்வீட்டு மல்லிகேஸ்வரியின் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் வரிசை விட்டு நகர்ந்தன, பழனியாண்டியின் லேத்தில் வைத்திருந்த அளவுகோல் தானாக இறங்கிக் கீழே விழுந்தது, புறாக்கள் மாடியைக் காலி பண்ணிக்கொண்டு மலைக்குப் போயின, பிள்ளையார் கோயில் குங்குமக் கிண்ணம் நாளுக்கு ஒரு விரற்கடை கிழக்கே போனது. வீதி முழுக்க பேஸ் வந்தது, அண்ணனுக்கு மட்டும் வரவில்லை. கடைசியில் வாசற்படியில் நுழையாமல் கதவைக் கழற்றி உள்ளே கொண்டுபோன பதினெட்டங்குலப் பெட்டி இரண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக, கன்னி மூலையில் ஏறின. அன்றைக்கு அண்ணன் சுவிட்சைப் போட்டுவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தபோது பேஸ் மட்டுமல்ல, பாடகரும் வரவில்லை, புல்லாங்குழலும் வரவில்லை. செட்டை நிறுத்தினார், அப்போதும் பட்டறைச் சத்தம் வரவில்லை, தொண்டையைச் செருமினார், அதுவும் வரவில்லை. அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி கீழே விழுந்தது. எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போய் வீதியில் நாலு தடவை நடந்தார்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ, கரண்ட் இல்லாத ஒரு மத்தியானத்தில், சம்பூரணம் மொச்சை உரிக்க உட்கார இடம் தேடி, ஜன்னல் வெளிச்சம் விழுகிறதே என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் கொட்டை தட்டில் விழுந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாவது விழுந்தது. அப்புறம்தான் அவளுக்குத் தெரிந்தது, காதில் அது இல்லை. பதினோரு வருடமாக ஒரு நொடிகூட இறங்காமல் தோளில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிருந்தது. செத்துப்போய்விட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாளாம், பிறகு தொடையில் கிள்ளிப் பார்த்தாளாம், பிறகு செத்தால்தான் என்ன என்று மொச்சையை முழுவதும் உரித்து முடித்தாளாம். அவ்வளவு சந்தோசமாக அவள் இருந்ததே இல்லை. அந்த நாற்காலிதான் இனி தனக்கு எல்லாம் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள், ஆனால் அவளுக்கு அது கிடைத்தது சரியாக மூன்று நாள்.

நான்காம் நாள் டம்ளர் விசயமாகச் சண்டை போட மல்லிகேஸ்வரி வந்தாள். வந்தவளை உட்காரச் சொல்லிச் சம்பூரணம் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள், இருக்கிறது ஒரே நாற்காலி, மல்லிகேஸ்வரி அதில் உட்கார்ந்து கையை நீட்டி நீட்டித் திட்டினாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று புரிந்தபிறகும் நிறுத்தாமல் ஐந்து நிமிடம் திட்டினாள். மாமியாரைத் திட்டினாள், பட்டறை முதலாளியைத் திட்டினாள், செத்துப்போன தன் அண்ணனை, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு காரணத்துக்காக, பேர் சொல்லித் திட்டினாள். ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. எழுந்து, தண்ணீரைக் குடித்துவிட்டு, "நாளைக்கு வரட்டுங்களா அக்கா" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனாள்.

அப்புறம் நாங்கள் எல்லோரும் வந்தோம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கிற பெண் வந்து உட்கார்ந்துவிட்டுப் போய்க் கல்யாணம் வேண்டாமென்றாள், மறுநாள் மாப்பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டுப் போய் அதுவும் சரிதான் என்றான், இரண்டு வீட்டாரும் வந்து வரிசையில் நின்றார்கள். கவுன்சிலர் மேடையில் பேசப்போவதை இங்கே ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டு, மேடைக்குப் போகாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். கிரைண்டர் பிடித்துப் பிடித்துக் காது மந்தமான வெல்டர்கள் உட்கார்ந்தார்கள், எங்களுக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே என்று ஏமாந்து போனார்கள். இரண்டு பேர் தங்கள் இதயம்கூடக் கேட்கவில்லை என்று பயந்து ஓடினார்கள். யாரோ நாற்காலியின் முதுகில் மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், யாரோ காலுக்கு வேப்பிலை கட்டினார்கள், சாயங்காலமானால் சம்பூரணம் ஈரத்துணி கொண்டு எல்லாவற்றையும் துடைத்தெடுப்பாள். வீதி நலச் சங்கம் கூடி ஆளுக்குப் பத்து நிமிடம், செருப்பு வெளியே, நாற்காலியை நகர்த்தக் கூடாது என்று அட்டையில் எழுதி மாட்டி டோக்கன் போட்டது. பத்து நிமிடம் முடிந்ததை உட்கார்ந்திருப்பவருக்கு எப்படிச் சொல்வது? மணி அடித்தால் கேட்காது, கூப்பிட்டால் கேட்காது. ஆகவே ஒட்டடைக்குச்சியால் தோளில் தட்டுவது என்று தீர்மானம் ஆனது, வீட்டுக்காரி என்ற முறையில் அந்தப் பொறுப்பைச் சம்பூரணத்துக்குக் கொடுத்தோம். மரியாதை என்று நினைத்துத்தான் கொடுத்தோம். காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை ஒட்டடைக்குச்சியோடு சுவரோரம் நின்று, காதில் இரைச்சல் கொதிக்கக் கொதிக்க, அவள் எங்களையெல்லாம் தட்டித் தட்டி எழுப்பினாள். ஆறு மணிக்கு மேல் உட்காரலாம் என்று பார்த்தால் வெளியூரிலிருந்து யாராவது வேன் வைத்து வந்திருப்பார்கள்.

அர்த்தநாரியண்ணன் அந்த நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை. அதை ஒரு அவமானமாக, வறண்டுபோன போராகத்தான் பார்த்தார். ஏன் அத்தனை வெறுப்பு என்று பழனியாண்டி கேட்டபோது ஒரே ஒருமுறை சொன்னார். சத்தீஸ்கரில் ஒரு கிராமத்தில் ஆயிரத்து நூறு அடி இறக்கி, புழுதி மட்டும் வந்து, கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லிவிட்டார்; சுற்றிலும் அந்தக் குடும்பத்தார் பதினைந்து பேர் நின்றார்கள், ஒருத்தரும் திட்டவில்லை, அழவில்லை, அந்த வீட்டு அம்மாள் எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தாள். "அந்த நேரத்துல ஒரு பேச்சு இல்ல, ஒரு சத்தம் இல்ல. நான் டீக் குடிக்கறது எனக்கே கேட்டுது. அந்த மாதிரி எத்தன ஊருன்னு நெனைக்கற? இந்த நாற்காலியில ஒக்காந்தா அங்கதான் போயி ஒக்கார்றேன்" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்து நடக்க ஆரம்பித்தார்.

அவருக்கு வழி சொன்னது மறுபடியும் ஜபருல்லா பாய்தான். "பஞ்சு வேணுமுங்கண்ணா. நாலு மூலையிலயும் இலவம்பஞ்சு மெத்தைய ஆளுயரத்துக்கு அடுக்குங்க, செவுத்துக்குக் கெட்டித் திரை போடுங்க. போற சத்தத்தத் திரும்ப உடாமப் பஞ்சு புடிச்சுக்கும். அந்த ஓட்டை தானா மூடிரும். உங்க நாற்காலியில பேஸ் அப்படி வந்து ஒக்காரும்." அண்ணன் பதினாறு மெத்தைக்குச் சொல்லி அனுப்பினார். அதுவரைக்கும் அன்றைக்கு ஒருநாள்தான் அவர் நடக்காமல் நின்றதை நாங்கள் பார்த்தோம்.

மெத்தைகள் டெம்போவில் வந்து இறங்கிய காலை பதினோரு மணிக்கு, பட்டறையில் கைவேலையாக இருந்தவர்கள் போக வீதி முழுவதும் அவர் வாசலில் இருந்தது. இப்படிச் செய்யலாமா என்றோம். நாற்காலி இப்போது உங்களுது இல்லை, ஊருக்குப் பொது என்றோம். மல்லிகேஸ்வரி இன்னும் தான் திட்டவேண்டியவர்கள் நாலு பேர் பாக்கி என்றாள், கவுன்சிலர் போலீசுக்குப் போவேன் என்றார், டோக்கன் எடுத்தவர்கள் டோக்கனைத் தூக்கிக் காட்டினார்கள். "என்ற வீடு, என்ற செட்டு, என்ற காது" என்று அண்ணன் நெஞ்சில் அடித்துக்கொண்டார், டெம்போக்காரன் ஒரு மெத்தையைத் தலையில் வைத்தபடி உள்ளே போவதா வெளியே போவதா என்று தெரியாமல் நின்றான். இரண்டு பக்கமும் இத்தனை பேசினோமே, சம்பூரணம் என்ன நினைக்கிறாள் என்று இந்தப் பக்கமும் கேட்கவில்லை, அந்தப் பக்கமும் கேட்கவில்லை.

அவள் ஒட்டடைக்குச்சியைச் சுவரில் சாத்திவைத்தாள். உட்கார்ந்திருந்த ஆளைக் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். முந்தானையால் நாற்காலியைத் துடைத்து, அதில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

பத்து நிமிடம் ஆனது. டோக்கன்காரர்கள் முணுமுணுத்தார்கள். அரைமணி ஆனது. சங்கத் தலைவர் விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார், ஆனால் குச்சியை எடுத்துத் தட்ட ஒருத்தருக்கும் கை வரவில்லை. அண்ணன் கிட்டே போய்க் கூப்பிட்டார். ஓடுகிற கம்ப்ரசரைத் தாண்டி ஆள் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது, மலையடிவாரம்வரை கேட்டிருக்கும், ஓரடி தள்ளி உட்கார்ந்திருந்தவளுக்குக் கேட்கவில்லை. தொடக் கையை நீட்டினவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார். இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒரு முடிச்சு எப்போதும் இருக்கும் சம்பூரணத்துக்கு, ஒரு பக்க உதடு லேசாக இழுத்துக்கொண்டிருக்கும். அது எதுவும் இப்போது இல்லை. அவள் முகமே அப்படித்தான் என்று அவர் நினைத்திருந்தார், நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஜன்னல் கம்பிக்கு வெளியே எங்களில் முன்வரிசையில் நின்றவர்களுக்குத் தெரிந்தது, நீட்டிய கையை அவர் மெல்லக் கீழே இறக்கினார்.

ஒருமணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து அவள் எழுந்து வந்தாள். வந்த இரண்டாவது அடியிலேயே முடிச்சு திரும்ப விழுந்ததை நாங்கள் பார்த்தோம்.

"என்ன ஆச்சு உனக்கு?" என்றார் அண்ணன்.

"காதுல இரைச்சலுங்க. இந்த நாற்காலியில ஒக்காந்தா மட்டுந்தான் நிக்குது."

"எப்ப இருந்து?"

"நீங்க மொதல்ல சத்தீஸ்கர் போன வருசம். ஐப்பசியில."

அவர் மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றார். "பதினொரு வருசமா எங்கிட்டச் சொல்லவே இல்லியே சம்பூ."

"எப்படிங்க சொல்றது? போன் பண்ணுவீங்க, பொறத்தால கம்ப்ரசர் ஓடீட்டே இருக்கும். சோறு தின்னாச்சா, மழை பேஞ்சுதா, அதுக்கே நான் கத்தோணும். கத்திச் சொல்ற விசயமா இது?"

அவர் திரும்பி வந்து டெம்போக்காரனிடம் எல்லாவற்றையும் திருப்பி ஏற்று என்றார்; வாசலில் மாட்டியிருந்த அட்டையைப் பிய்த்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய் ஜன்னல் வழியாகப் பழனியாண்டியைப் பார்த்தார், பார்த்தார் அவ்வளவுதான், பழனியாண்டி போய்த் தன் லேத்தை நிறுத்தினார். பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர் நின்றது, அதற்கடுத்ததில் சம்மட்டி நின்றது, வீதிக் கோடிவரை ஒவ்வொன்றாக நின்றுகொண்டே போய், எங்கள் ஆயுசில் முதன்முதலாக, வேலைநாளில், பட்டப்பகலில், எங்கள் வீதி வாயை மூடியது. அண்ணன் நாற்காலிக்குப் பக்கத்தில் வெறும் டைல்ஸில், தேய்ந்த முட்டியை மெல்ல மடக்கி, சப்பணங்கால் போட்டு உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கும் அது? எனக்குப் பண்ணிக் காட்டு."

"எதுங்க?"

"அந்தச் சத்தம்."

சம்பூரணம் வெட்கப்பட்டாள். எங்களைப் பார்த்தாள், நாங்கள் தரையைப் பார்த்தோம். பிறகு அவளும் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, உதட்டை மூடி, பல்லுக்குப் பின்னால் நாக்கை அழுத்தி, மெல்லிசாக, ஒரே நீளமாக, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் அதைச் செய்தாள். பதினோரு வருடம் அவள் ஒருத்தி மட்டும் கேட்ட சத்தம் நான்கு வெறும் சுவரிலும் பட்டு ஜன்னல் வழியாக எங்களிடமும் வந்தது, எங்கள் பல் கூசியது, மல்லிகேஸ்வரி காதைப் பொத்திக்கொண்டாள், அண்ணன் பொத்திக்கொள்ளவில்லை, தலையைச் சாய்த்து, இவ்வளவு வருடம் ஒரு இடத்தில் நிற்காத மனுசன், கண்ணிமைகூட ஆடாமல் கேட்டார். மூச்சு முட்டி அவள் நிறுத்தினாள்.

"இன்னொருக்கா" என்றார் அவர்.